குளத்துக்கு வந்த காசு பீலிக்கு வருமா?



கடந்த சில மாதங்களாக மாதர் சங்கக் கூட்டங்களிலும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களிலும் எம்மிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சுற்றாடலைப் பாதுகாக்க அரசாங்கம் ஊருக்கு ஊர் காசு குடுக்குதாமே, அது எங்க தோட்டத்துக்கு மட்டும் ஏன் வர்றதில்ல?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால் இந்த மாதப் பாடத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வாசிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் நீளம்தான். இரண்டு ராத்திரியாகப் பிரித்து வாசித்தாலும் பரவாயில்லை.

பாடத்தை மலையில் தொடங்கவில்லை. கீழே, கடலோரத்தில், திரியாயில் தொடங்குகிறோம்.

திரியாய்ப் பக்கத்துக் குளங்கள்

திருகோணமலை டவுனில் இருந்து வடக்கே புல்மோட்டை றோட்டில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால் திரியாய். நிலாவெளி, குச்சவெளி எல்லாம் தாண்டித்தான் அந்த ஊர் வரும். குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த பழைய ஊர். பக்கத்துக் குன்றில் பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில் வெட்டின கல்வெட்டு ஒன்று ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கிடக்கிறது என்றால் ஊரின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும். தேயிலைச் செடி ஒன்றுகூடக் கிடையாது.

"அப்புறம் எதுக்கு ஐயா அந்த ஊர்க் கதை?" என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியா, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறின எமது சனம் கொஞ்சநஞ்சமல்ல. உங்களில் பலருக்கு அந்தப் பக்கம் ஒரு சித்தப்பாவோ மாமியோ இருப்பார்கள். இரண்டாவது காரணம் தண்ணீர். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறோம்.

அந்தப் பக்கம் மழை என்றால் ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும்தான். மிச்ச மாதங்கள் வெயில். ஆனி, ஆடியில் நாம் கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கிற நேரத்தில் அங்கே மாடு குடிக்கத் தண்ணி தேடும். ஆகவே நாலு மாதத்து மழையைப் பிடித்து வைத்து மற்ற மாதங்களை ஓட்ட வேணும். அதற்காக அந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்ததுதான் சிறு குளம். மண்ணால் ஒரு கட்டு, தண்ணீரை வயலுக்கு விட ஒரு துருசு, மிஞ்சினதை வெளியே தள்ள ஒரு வான். பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஒரு குளம் தனியாக இருக்காது. மேல் குளத்து வயலில் வடிந்த தண்ணீர் கீழ்க் குளத்துக்கு வரும், அதன் வயலில் வடிந்தது அதற்கும் கீழே போகும். சங்கிலி மாதிரி ஒரே பள்ளத்தாக்கில் பத்துப் பதினைந்து குளங்கள் கோத்திருக்கும். சிங்களத்தில் இதை எல்லங்காவ என்பார்கள். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இந்தக் குளத் தொடரை ஆராய்ந்து எழுதின பிறகுதான் படித்தவர்கள் பலருக்கு இதன் அருமை தெரிந்தது. 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு இந்த முறையை உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. கமக்காரனுக்கு அதற்கு முன்னமே தெரியும், அது வேறு கதை.

இன்னொன்றையும் கவனிக்க வேணும். குளத்துக்கு மேற்புறத்தில், தண்ணீர் வந்து சேரும் இடத்தில், ஒரு மரக்கூட்டம் இருக்கும். காற்று தண்ணீரை நேரே அடித்து வற்றவைக்காமல் அது மறைக்கும். சிங்களத்தில் கஸ்கொம்மன. மரக்கூட்டத்துக்கும் மேலே புல் வளர்ந்த பட்டை ஒன்று, பெரஹன. மழைத் தண்ணீர் கொண்டு வருகிற மண்ணை அந்தப் புல் வடித்துப் பிடித்துவிடும். தேத்தண்ணி வடிக்கிற வடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால், இன்னொரு செடிப் பட்டை. அது கட்டகடுவ. கட்டுக்கு அடியால் கசிகிற உப்பு வயலுக்குப் போகாமல் அது பிடித்து நிறுத்தும். இந்த மூன்றையும் வெட்டி விறகாக்கிவிட்டுக் கட்டை மட்டும் எவ்வளவு உயர்த்தினாலும் சில வருஷத்தில் குளம் மண்ணால் நிரம்பிப்போகும். மேலே மரம் இல்லாவிட்டால் கீழே தண்ணீர் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய பீலிக்கு வரும்போது இதே கணக்குத்தான்.

காசு எப்படி வந்தது?

80 ஹெக்டேருக்குக் குறைவான வயலுக்குத் தண்ணீர் தருகிற குளத்தைச் சிறு குளம் என்று அரசாங்கம் வகுத்திருக்கிறது. இவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வரும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் ஊர்க் கமக்காரர் சேர்ந்து கமக்காரர் அமைப்பு ஒன்றைப் பதிவு செய்யலாம். பதிவு செய்த அமைப்புக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அரசாங்கம் பேசுவது தனி ஆளோடு அல்ல, இந்த அமைப்போடுதான்.

திரியாய் மக்கள் 1985இல் ஊரை விட்டு இடம்பெயர நேர்ந்தது. பல வருஷம் கழித்துத்தான் திரும்பினார்கள். வடக்கு கிழக்கில் இப்படிக் கைவிடப்பட்ட ஊர்கள் எத்தனையோ. ஆள் இல்லாத ஊரில் குளக்கட்டைப் பார்க்க ஆர் இருக்கிறது? கட்டில் மரம் முளைக்கும், வேர் ஓடின வழியால் தண்ணீர் கசியும், ஒரு மாரியில் உடைப்பெடுக்கும். வயல் காடாகும்.

அதைத் திருத்தப் பெரிய அளவில் காசு வந்தது 1999க்குப் பிறகு. உலக வங்கியின் கடனில் வடக்கு கிழக்கு நீர்ப்பாசன விவசாயத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. சண்டை முழுதாக நிற்காத காலத்திலேயே திருகோணமலை உட்பட அந்த மாகாணத்து மாவட்டங்களில் சிறு குளங்களைத் திருத்தினார்கள். ஊர் அமைப்புகளைக் கூட்டி அவர்கள் வாயால் கேட்டுத்தான் எந்தக் குளம், எந்த வாய்க்கால் என்று முடிவு செய்தார்கள்.

பிறகு 2016இல் பசுமைக் காலநிலை நிதியம் என்ற சர்வதேச நிதியம் இலங்கையின் வரண்ட பிரதேசக் குளங்களுக்கு 38 மில்லியன் டொலருக்குச் சற்று மேல் நன்கொடையாக ஒதுக்கியது. மிச்சத்தைப் பெரும்பாலும் அரசாங்கம் போட, மொத்தத் திட்டம் ஏறக்குறைய 52 மில்லியன் டொலர். வேலை 2017இல் தொடங்கியது. மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா என்ற மூன்று ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் 325 குளங்களைத் திருத்துவது அதன் இலக்கு. யான் ஓயா 142 கிலோமீட்டர் ஓடித் திரியாய்க்கு வடக்கே, புல்மோட்டைக்கு இப்பால் கடலில் விழுகிற ஆறு. இந்தத் திட்டத்தில் எமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தனிக் குளமாகப் பார்க்காமல் தொடராகப் பார்த்தார்கள். கட்டோடு நிற்காமல் மேற்புறத்து மரக்கூட்டத்தையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டார்கள்.

காசு எத்தனை வகை?

"அரசாங்கக் காசு" என்று நாம் ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று வகை இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரிய வேணுமானால் இதைப் பிரித்துப் பார்க்க வேணும்.

முதல் வகை அரசாங்கத்தின் சொந்தக் காசு. சீனி, மா, பருப்பு, துணி என்று நாம் வாங்குகிற ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கிற வரியில் இருந்து போவது. இது பிரதேச செயலகம் வழியாகவும், மாகாண சபை வழியாகவும், பிரதேச சபை வழியாகவும் ஊருக்கு வரும். 1974இல் தொடங்கின பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம், அதாவது பாராளுமன்ற உறுப்பினர் சிபாரிசு செய்து தொகுதிக்குக் கொடுக்கிற காசு, அதுவும் இந்த வகைதான். வாக்குச் சேர்க்கிற நேரத்தில் "நான் குடுத்தேன்" என்று எவராவது மேடையில் சொன்னால், அது உங்கள் வீட்டுச் சீனியில் இருந்து போன காசு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வகை கடன். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி தருவது. வட்டி குறைவாக இருக்கலாம், ஆனாலும் திருப்பிக் கட்ட வேணும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தபோது கடனில் நடந்துகொண்டிருந்த பல வேலைகள் பாதியில் நின்றதைப் பார்த்தோம். அடகுக் கடையில் தோட்டை வைத்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது வகை நன்கொடை. பல நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து போடுகிற நிதியில் இருந்து வருவது. திருப்பிக் கட்டத் தேவையில்லை, ஆனால் கணக்குக் கேட்பார்கள், கடுமையாகவே கேட்பார்கள். இதிலே நம்மைப் போன்ற சிறு சங்கங்களுக்குக் கிட்டினது பூகோள சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம். உலகில் 1992இல் தொடங்கி, 1994இல் இலங்கைக்கு வந்தது. ஒரு வேலைக்கு 50,000 டொலர்தான் நெடுங்காலமாக உச்ச அளவு. தனி ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள், அரசாங்க அலுவலகத்துக்கும் கொடுக்க மாட்டார்கள். ஊர்ச் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மட்டும்தான். நக்கிள்ஸ் மலையைச் சுற்றியுள்ள ஊர்களையும், மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரையுள்ள கரையோரத்தையும் ஒரு கட்டத்தில் அவர்கள் சிறப்பாகத் தெரிந்தெடுத்து வேலை செய்தார்கள். நக்கிள்ஸ் என்றால் நம்மைப் போன்ற மலைதான்.

மலையில் பெய்கிற மழை எங்கே போகிறது?

இப்போது அந்த இரண்டாவது காரணத்துக்கு வருகிறோம். தலவாக்கலை, டிம்புள்ள, நானுஓயாப் பக்கத்து மழை கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. (மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைக்காரர் கோபிக்க வேண்டாம். உங்கள் தண்ணீர் களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது.) மகாவலி கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்ல அணைக்கட்டுக்கு வரும்போது இரண்டாகப் பிரிகிறது. 1976இல் வேலை முடிந்த அந்த அணையில் இருந்து ஒரு பகுதி சுரங்கம் வழியாக உக்குவெலைக்குப் போய், போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு கிளை கலாவாவிப் பக்கமும் இன்னொரு கிளை ஹுருலுவாவிக்கும் போகிறது. ஹுருலுவாவி எந்த ஆற்றில் கட்டினது? யான் ஓயாவில். யான் ஓயா கடலில் விழுவது எங்கே? திரியாய்க்கு வடக்கே. பொல்கொல்லையில் திரும்பாத மிச்ச மகாவலியோ விக்டோரியா, ரந்தெனிகல எல்லாம் கடந்து கொட்டியாரக் குடாவில், திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கடலைச் சேருகிறது.

ஆக, மேல் கொத்மலையில் பெய்த மழை இரண்டு பாதையால் திருகோணமலைக்குத்தான் போகிறது. தண்ணீர் மட்டுமா போகிறது? மலையில் கழுவுண்ட மண்ணும் போகிறது. கவ்வாத்து வெட்டின மலையில் ஒரு பெருமழை பெய்த மறுநாள் கானில் ஓடுகிற தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். அந்தச் சிவப்பு மண் பொல்கொல்லையிலும் மற்ற நீர்த்தேக்கங்களிலும் போய்ப் படிகிறது. கீழே குளம் தோண்டக் கோடிக்கணக்கில் காசு ஒதுக்குகிற அரசாங்கம், மேலே மண்ணைப் பிடித்து வைக்கிற தோட்டத்துக்கும் பங்கு ஒதுக்க வேண்டாமா? இது கெஞ்சிக் கேட்கிற உதவி இல்லை. நாட்டுக்கே தண்ணீர் வடித்துக் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் கேட்கிற பங்கு.

நமக்கு ஏன் வரவில்லை?

இதற்குப் பதில் ஒரு சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகப் பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாத நிலை இருந்தது. கிராமத்து றோட்டுக்கும் கிணற்றுக்கும் செலவழிக்கலாம், பக்கத்து லயத்துக்குப் போகக்கூடாது. வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம், வாய்க்கால் வெட்ட வரமுடியாது! முப்பது வருஷம் இப்படித்தான் போனது. 2018இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. இப்போது பிரதேச சபை தோட்டத்து மக்களுக்கும் செலவழிக்கலாம். இன்றைக்கும் எவராவது அதிகாரி "தோட்டமா? அது எங்க வேலையில்ல" என்று சொன்னால், 2018 திருத்தத்தை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

இரண்டாவது தடை காணி. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இல் கம்பனிகள் நிர்வாகத்தை எடுத்தபோது காணியை 53 வருஷக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். ஆகவே பீலிக்கரையைச் சுற்றி ஒரு வேலி போடுவதானாலும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேணும். கடிதம் இல்லாமல் எந்த நிதியமும் ஒரு சதம் தராது. துரையிடம் போய்க் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. மண் கழுவுண்டு போனால் கொழுந்தும் குறையும், நட்டம் கம்பனிக்கும்தான். இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் கடிதம் கிடைக்கிறது என்பது நாம் கண்டது.

மூன்றாவது தடை நம்முடைய கையில் இருப்பது. தோட்டத்தில் சங்கங்களுக்குக் குறைவில்லை. தொழிற்சங்கக் கமிட்டி, கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று பிள்ளைக் காம்பரா வாசலில் பலகை நிறையத் தொங்குகிறது. இதிலே எத்தனைக்குப் பதிவு இருக்கிறது? எத்தனைக்குக் கூட்ட அறிக்கைப் புத்தகம் இருக்கிறது? திரியாய்ப் பக்கத்துக் கமக்காரனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தப் புத்தகம்தான். வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் பதிவுள்ளது, கணக்குச் சரி பார்க்கப்படுவது. புதிதாக ஒன்று தொடங்குவதை விட அதை வைத்துக்கொண்டு முன்னே போவது நல்லது என்பது எமது எண்ணம்.

பீலியில் இருந்து தொடங்கலாம்

என்ன வேலை கேட்கலாம்? எல்லாரும் முதலில் சொல்வது றோட்டு. றோட்டு வேணும்தான், ஆனால் அது சுற்றாடல் நிதியில் வராது. நாம் பீலியைச் சொல்கிறோம். குளம் கமக்காரனுக்கு எப்படியோ பீலி நமக்கு அப்படி.

பெரும்பாலான தோட்டங்களில் மேல் மலையில் ஒரு ஊற்று, அங்கிருந்து குழாய் போட்டு லயத்துப் பீலிக்கு வருகிறது. ஊற்றுக்கு மேலே இருந்த காட்டுத் துண்டை விறகுக்கு வெட்டிவிட்டோம். சில இடத்தில் மரக்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம். அதற்கு அடிக்கிற மருந்தும் உரமும் மழையோடு ஊற்றுக்குள்ளேதான் இறங்கும். மாசி, பங்குனியில் பீலி நூல் மாதிரி ஒழுகுகிறது என்று சண்டை போடுகிறோம். இந்தச் சண்டையில் நிற்பது பொம்பிளைகள். கொழுந்து நிறுத்து முடித்து வந்து குடத்தோடு வரிசையில் நிற்கிறவளுக்குத்தான் ஊற்றின் அருமை தெரியும். ஆகவே எந்த ஊற்று, எந்த இடம் என்று முடிவெடுக்கிற கூட்டத்தில் அவள் பேச வேணும், முன் வரிசையில் இருந்து பேச வேணும். பொருளாளராகவும் ஒரு அக்காவையே போடுங்கள். சீட்டுப் பிடித்து ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைக்கிறவர்கள் அவர்கள்தானே?

வேலை என்னவென்று பார்த்தால் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஊற்றுக் கண்ணைச் சுத்தம் செய்து கல்லும் சீமெந்தும் வைத்து மூடிய தொட்டி ஒன்று கட்டுவது. மாடு, நாய் இறங்காமல் வேலி போடுவது. ஊற்றுக்கு மேற்புறத்தில் மருந்தடிப்பையும் மரக்கறிப் பயிரையும் நிறுத்தி, மரமும் புல்லும் வைப்பது. குளத்துக்கு மேலே மரக்கூட்டம், புல் பட்டை என்று பார்த்தோமே, அதேதான். டர்பன்டைன் மரம் சீக்கிரம் வளரும், விறகுக்கும் நல்லது, ஆனால் ஊற்றுக்குப் பக்கத்தில் அது வேண்டாம், தண்ணீரை நிறைய இழுக்கும். உங்கள் உயரத்துக்கு ஏற்ற நாட்டு மரம் எது என்று வனத் திணைக்களத்தில் கேட்டு, தவறணையில் தேயிலைக் கன்றோடு அந்தக் கன்றையும் வளர்க்கலாம். மலசலகூடக் குழி எப்போதும் ஊற்றுக்குக் கீழேதான் இருக்க வேணும். தொட்டி கட்டி முடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கிறதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. மலைச் சரிவை வெட்டுவது, தாங்கு சுவர் கட்டுவது, பெரிய கானைத் திருப்புவது இவற்றைச் சிரமதானத்தில் செய்யாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்து என்று அதற்குப் பல வருஷம் முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறி மலைநாட்டை என்ன செய்தது என்பதையும் பார்த்தோம். நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்வது, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் தண்ணீர் கிளம்புவது, இவை கண்டால் நிதி, விண்ணப்பம் எல்லாம் பிறகு. முதலில் வீட்டை விட்டு இறங்கி, கிராம சேவகருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்த பிறகுதான் அந்த இடத்தில் மண்வெட்டி வைக்கலாம். ஆபத்தான லயத்தை வேறிடத்துக்கு மாற்றுவது சின்ன மானியத்தில் ஆகிற காரியமும் இல்லை. அது அரசாங்கமும் கம்பனியும் செய்ய வேண்டிய வேலை, அதைக் கேட்பதற்கு வழி வேறு.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

விண்ணப்பம் என்றதும் மகஜர் எழுதுகிற பழக்கம் நமக்கு உண்டு. "மாண்புமிகு ஐயா அவர்களே, எங்கள் துயரைக் கண் திறந்து பாருங்கள்" என்று இரண்டு பக்கம். நிதி கொடுக்கிறவருக்கு அது உதவாது. அவர் கேட்பது சின்னச் சின்ன விஷயம். எத்தனை குடும்பம் இந்த ஊற்றைக் குடிக்கிறது? வெயில் காலத்தில் ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம், மழைக் காலத்தில் எவ்வளவு நேரம்? (கைக்கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அளந்து எழுதலாம். இப்படி மாதம் ஒரு தடவை ஒரு வருஷம் அளந்த சங்கத்தின் தாளுக்கு இருக்கிற மதிப்பு எந்த மகஜருக்கும் இல்லை.) காணி ஆருடையது, சம்மதக் கடிதம் எங்கே? சீமெந்து, குழாய், கம்பி எவ்வளவு, விலை என்ன? வேலை முடிந்த பிறகு ஆர் பராமரிப்பது? மூன்று கடையில் விலை கேட்டு எழுதின துண்டுகளையும் இணைத்து வையுங்கள்.

சங்கத்தின் பங்கு என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். "எங்ககிட்ட ஏது காசு?" என்று பின்வாங்க வேண்டாம். உழைப்பும் பங்குதான். எடுத்துக்காட்டாக, 40 பேர் 6 ஞாயிறு சிரமதானம் செய்தால் 240 பேர். செக்ரோலில் பேர் போடுவது போலவே ஒரு கொப்பியில் ஆள், திகதி, கையெழுத்து என்று எழுதுங்கள். அந்த 240 பேரை அன்றைய நாட்சம்பளத்தால் பெருக்கினால் வருகிற தொகை உங்கள் பங்கு. அது சின்னத் தொகை இல்லை என்று கணக்குப் போட்டால் தெரியும். மண்வேலையின் ஒரு பகுதியை வெளி ஆளுக்குக் கொடுக்காமல் பதிவுள்ள சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கவும் அரசாங்க விதிகளில் ஒரு வரையறைக்குள் இடமுண்டு. குளங்களில் கமக்காரர் அமைப்புகள் அப்படி எடுத்துச் செய்கின்றன. இதைப் பிரதேச செயலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் ஆரும் சொல்ல மாட்டார்கள்.

காசு வந்த பிறகுதான் வயிற்றெரிச்சல் தொடங்கும். ஒரு தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் காசெடுக்கிற கணக்காக இருக்கக் கூடாது. இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர். பற்றுச்சீட்டு இல்லாத செலவு செலவே இல்லை. மாதம் ஒருமுறை வரவு செலவைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள், புறணி பாதி குறையும். பெயர்ப்பலகையையும் கொஞ்சம் அடக்கிப் போடுங்கள். சில இடத்தில் பலகை மினுங்குகிறது, பீலி வறண்டிருக்கிறது.

அரசாங்கக் காசில் உங்கள் தோட்டத்துக்கு ஒரு வேலை வந்து, அது ஒப்பந்தக்காரரின் கையில் போய் அரைகுறையாக நின்றால் என்ன செய்வது? சத்தம் போடுவதற்கு முன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். பிரஜையாக உள்ள எவரும் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நம்மில் மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டதால், "நீ ஆர் கேக்க?" என்று எந்த அலுவலகத்திலும் சொல்ல முடியாது. பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். வேலையின் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தம் ஆருக்கு, இதுவரை கொடுத்த காசு எவ்வளவு என்று மூன்றே கேள்வி தமிழில் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒரு பற்றுச்சீட்டு வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேணும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்து அறிவிக்க வேணும் என்பது சட்டம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பிரிவில் இருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பொம்பிளையாக, இவற்றைக் கொண்டு வாருங்கள்: உங்கள் சங்கத்தின் பதிவு இலக்கம், கடைசி மூன்று கூட்டத்தின் அறிக்கை, உங்கள் ஊற்றையும் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் காட்டக் கையால் கீறின ஒரு படம், ஒரு வாளி நிரம்ப எடுத்த நேரம். படம் அழகாக இருக்கத் தேவையில்லை. லயம், பீலி, ஊற்று, மலசலகூடம், மரக்கறித் தோட்டம் ஐந்தும் எது மேலே எது கீழே என்று தெரிந்தால் போதும்.